கனகலட்சுமி கழுத்தில் மஞ்சள் கயிறு

வெள்ளத்துரை போனில் ரம்மி ஆடி, பெண்டாட்டியின் தாலிச் சங்கிலியைத் தோற்றுவிட்டான். போன தை மாதம் சங்கரன்கோவில் முழுக்க இதுதான் பேச்சு. டீக்கடையில் ஐந்து பவுனாகக் கிளம்பிய சங்கிலி, பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர்வதற்குள் ஒன்பது பவுனாகிவிட்டது. நடந்தது வேறு. சலூனில் அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்து பார்த்தவன் சொல்கிறேன், கேளுங்கள்.

கனகலட்சுமி பிறந்தது குருவிகுளம் பக்கம். மழை பெய்தால்தான் அங்கே அடுப்பு எரியும். வெள்ளத்துரையைக் கட்டி இங்கே வந்தவள், ஒரு கூடைப் பிச்சிப்பூவோடு மார்க்கெட்டில் உட்கார்ந்தாள். இன்றைக்குச் சொந்தமாகப் பூக்கடை. சங்கிலியும் புருஷன் போட்டதில்லை; நகைச்சீட்டுக் கட்டி அவளே வாங்கியது. பூ விலை விழுந்தால் அது அடகுக்குப் போகும். முகூர்த்தம் வந்தால் வீட்டுக்கு வரும். அவள் கழுத்தைவிட பேங்க்காரன் பெட்டிதான் அதை அதிகம் அனுபவித்தது.

அடகில் இருக்கும்போது கவரிங் சங்கிலியில் தாலியைக் கோர்த்துக்கொள்வது இங்கே எல்லா வீட்டிலும் உள்ளதுதான். யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை கோமதியம்மன் சன்னதியில் அவள் கையைத் தூக்கிக் கும்பிட்டபோது வெறும் மஞ்சள் கயிறு தெரிந்தது. கவரிங்கூட இல்லை! பக்கத்து வீட்டு ஆறுமுகத்தாய்க்கு நெஞ்சு அடைத்துவிட்டது. அவளிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் சுவாரசியம் போய்விடுமே! நேரே புளியங்குடியில் இருக்கும் கனகலட்சுமியின் தம்பி ராஜதுரைக்குப் போன் போட்டு, உன் அத்தான் ரம்மி ஆடிச் சங்கிலியைத் தோற்றுவிட்டான் என்றாள்.

மறுநாள் காலை, சலூனில் வெள்ளத்துரை பாதி முகம் நுரையோடு உட்கார்ந்திருக்கிறான். ராஜதுரை இரண்டு ஆட்களோடு உள்ளே நுழைந்தான்.

“அத்தான், அக்கா சங்கிலிய எங்கன விட்டீரு?”

“எந்தச் சங்கிலி?”

“நடிக்காதேயும்! கழுத்துல கயிறோட அலையுதா எங்கக்கா.”

“கயிறா?”

பொய் சொல்கிறவன் முகம் அப்படி வெளுக்காது. ஒரே வீட்டில் இருக்கிற மனுஷனுக்கு, பெண்டாட்டி கழுத்துத் தங்கம் போனது இப்போதுதான் தெரிகிறது!

சவரக்காரர் செல்வக்குமார் குறுக்கே வந்தார். “மிச்சத்தையும் செரைச்சுருதேன், பெறவு அடிங்க.”

ராஜதுரை அவனைப் பாதி மீசையோடு பூக்கடைக்கு இழுத்துப் போனான். பின்னால் கூட்டம். கனகலட்சுமி தராசில் பிச்சி நிறுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் புதுசாக, ஆள் உயரத்துக்கு ஒரு குளிர்பெட்டி.

“எக்கா, கெளம்பு. போன்ல ரம்மி ஆடுத இந்த மனுசனோட நீ வாழ்ந்தது போதும்.”

“எதுக்குலே?”

வெள்ளத்துரை தராசுப் பக்கம் போனான். “கனகு, சங்கிலி எங்கட்டி?”

“வித்துட்டேன்.”

கூட்டத்தில் நின்ற ஆறுமுகத்தாய் முன்னால் வந்தாள். “ஏட்டி, தாலிச் சங்கிலியவா வித்த?”

“தாலி இந்தா கெடக்கு. வித்தது சங்கிலி. பவுனு லட்சத்தத் தாண்டிட்டு. இனியும் அத அடகுக்கும் வீட்டுக்குமா தூக்கிட்டு அலையணுமா? குளிர்பெட்டி வாங்கிட்டேன். விக்காத பூவ இனி குப்பையில கொட்ட மாட்டேன்.”

“அத்தான்ட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?” என்றான் ராஜதுரை.

“அவராப் பாத்துக் கேக்கட்டும்னு இருந்தேன். ஒரு மாசமாச்சு, பாக்கல.” தராசை இறக்கி வைத்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தாள். “ரம்மியாம் ரம்மி! இவருக்கு வந்த போன எடுக்கவே எம்மவ அபிதா வரணும். நான் வாங்குனேன், நான் வித்தேன். பூ வாங்காதவங்க தள்ளி நில்லுங்க.”