உள் விவகாரம்

நான் கல்லூரியில் வெளியுறவுக் கொள்கை சொல்லிக் கொடுக்கிறேன். அதைப் பற்றிப் புத்தகங்களும் எழுதியிருக்கிறேன். பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பத்தில் இதை முதலில் சொன்னபோது பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "வெளியுறவா? அத்தெல்லாமா காலேஜ்ல சொல்லித் தராங்கோ?" என்றாள் ஒரு அத்தை. அந்தக் கிண்டல் எனக்குப் பிடித்திருந்தது. கோபம் வந்தது வேறொரு பேச்சில்.

நாடுகள் ஒரே தண்ணீரை எப்படிப் பங்கு போட்டுக்கொள்வது என்பதுதான் என் பாடம். கடைசிப் புத்தகத்தில் எங்கள் ஏரிக்கு ஓர் அத்தியாயம் கொடுத்தேன். ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தில்தான் இறால் நன்றாக விழும். அங்கே யார் எந்த நாளில் வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்ளும். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். கோட்டு போட்டவர்கள் வருடக்கணக்கில் பேசியும் தீராத சண்டையை இவர்கள் ஒரே காலையில் தீர்க்கிறார்கள் என்று எழுதினேன். அதற்காக ஊரில் எனக்குச் சால்வை போடக் கூப்பிட்டார்கள்.

புத்தகம் அச்சுக்குப் போன பிறகு, மழைக்காலத்தில், என் தங்கையின் புருஷன் காய்ச்சலில் செத்துப்போனான். அவனோடு அந்த வீட்டின் பாடும் போய்விட்டது. சீட்டு ஆண்களின் பெயரில்தான். மகன் இருந்தால் அவனுக்கு வரும். அவளுக்கு இரண்டும் பெண். படகு இருக்கிறது, வலை இருக்கிறது, கூலிக்கு வலை கட்ட ஆள் இருக்கிறான். முறை மட்டும் இல்லை. இப்போது அடுத்தவர் வலையில் விழுந்த இறாலை வாங்கிக் கூடையில் வைத்துக்கொண்டு பொன்னேரிக்கு பஸ் ஏறுகிறாள்.

சால்வை போட்டதும் மைக்கிலேயே கேட்டேன். "மாமா, என் தங்கச்சி வூட்டுப் பேரையும் சீட்டுல போடுங்க."

ஊர்த் தலைவர் சிரித்தார். "அது நம்ம உள் விவகாரம்மா. நீ வெளி விவகாரம் பாக்கறவ. வெளியவே பாத்துக்கோ."

கூட்டம் கைதட்டியது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எத்தனை கருத்தரங்கில் இதைக் கேட்டிருக்கிறேன்! தன் நாட்டு ஜனம் அடிபட்டு அழும்போது அந்த நாட்டு அதிகாரி ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு இதைத்தான் சொல்வார். பேராசிரியர்கள் நாங்களும் மரியாதையாகக் குறித்துக்கொண்டு சாப்பிடப் போவோம்.

"நாளைக்கு காட்டுப்பள்ளி துறைமுகத்துக்காரன், 'ஏரி பக்கத்துல மண்ணு தோண்டறது என் உள் விவகாரம்'னு சொன்னா சும்மா இருப்பீங்களா மாமா?"

"அது வேற, இது வேற."

"இன்னா வேற?"

"ஆம்பள இல்லாத வூட்டுக்குப் பாடு எதுக்கு? அப்புறம் ஒவ்வொரு பொம்பளையும் வந்து நிப்பா."

"நிக்கட்டும். அவங்களும் இந்த ஊருதானே?"

"நம்ம முறை நல்ல முறைன்னு எழுதினவ நீதானே?"

"ஆமா. இனிமே இதையும் சேர்த்து எழுதுவேன்."

"ஊர் மானத்த வாங்காத," என்று மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

வீட்டில் தங்கை என்னைத் திட்டினாள். "நீ எழுதினா டெல்லில படிப்பான், லண்டன்ல படிப்பான். சீட்டு எடுக்கறவன் படிப்பானாக்கா? சீட்டு போடற அன்னிக்கு வா. ரெண்டு பேரும் போய் குந்துவோம்."

போனேன். அந்த இடத்தில் பெண்கள் உட்காருவதில்லை. நாங்கள் சீட்டுக் குடத்துக்கு நேர் எதிரில் உட்கார்ந்தோம்.

"ஏந்திரும்மா, வேல நடக்கட்டும்," என்றார் தலைவர்.

"நடக்கட்டும் மாமா," என்றாள் தங்கை. "என் வூட்டுக்காரர் பேரு வர்ற வரைக்கும் குந்திக்கினு இருக்கேன். உங்களுக்கு இன்னா கஷ்டம்?"

ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். அவன் பெயர் வரவில்லை. குடம் காலியானதும் ஆண்கள் லுங்கியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். தங்கை எழவில்லை. அன்று எனக்கு வகுப்பு இருந்தது. கல்லூரிக்கு போன் செய்து வரமாட்டேன் என்று சொன்னேன்.