அத்தையின் விரல் தொட்ட தீ

சுதந்திரம் கிடைத்த வருஷம் எங்கள் ஊரான காஜா பேராங் முழுக்கக் கொடி பறந்தது. எங்கள் வீட்டில், மலாய்க்காரர் முறையில் ஊறப்போட்ட மாங்காய் ஜெருக் காணாமல் போனது. எனக்கு நன்றாக நினைவிருப்பது இரண்டாவதுதான்.

அம்மா அப்போது வாயும் வயிறுமாக இருந்தாள். உப்பில் ஊறிய அந்த மாங்காய்த் துண்டு இருந்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். ஜாடியைக் காலி செய்தது சாட்சாத் நானேதான். தின்று முடித்துக் குழாயடியில் நாலு தடவை கை கழுவிக்கொண்டேன். அந்த வயதிலேயே அவ்வளவு விவரம்! ஆனாலும் கதவுக்குப் பின்னால் தொங்கிய அப்பாவின் ரோத்தான் பிரம்பை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அன்று பார்த்தா மாமா வரவேண்டும்? அம்மாவின் தம்பி, பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். ஏதாவது வித்தை காட்டாமல் போகமாட்டார். "கவலப்படாதக்கா, திருடன தீயே காட்டிக் குடுத்துரும்லா" என்று ஜன்னலைச் சாத்தி, ஸ்பிரிட் விளக்கை ஏற்றினார். ஈரக் கம்பியை ஒவ்வொருவராக விரலால் தேய்க்கவேண்டும், மாமா அதைத் தீயில் காட்டுவார். திருடிய விரல் என்றால் தீ மஞ்சளாகுமாம்.

குளித்துவிட்டு வந்த அண்ணன் தேய்த்தான். நீலம். என் முறை வந்தபோது நுனிவிரலால் தேய்த்தேன். அதுவும் நீலம்! கடவுளே என்று மூச்சு விட்டேன். கடைசியாக, அடுக்களையிலிருந்த அத்தையை, அதாவது அப்பாவின் தங்கையை, மாமா விளையாட்டாகத்தான் கூப்பிட்டார். அவள் முகத்தை விரலால் துடைத்துக்கொண்டே வந்து கம்பியைத் தொட்டாள். தீ குபீரென்று மஞ்சளானது.

மாமாவே திகைத்துவிட்டார்.

"கேட்டா குடுக்க மாட்டேனா? புள்ளத்தாச்சி வாய்லேருந்தா புடுங்கித் திம்பே?" என்றாள் அம்மா.

அத்தை தீயையே பார்த்தாள். "ஆமா அண்ணி, நாந்தான் தின்னேன்."

"தின்னுட்டு இப்ப அழுதா ஆச்சா?"

எனக்காகத்தான் பழியேற்றாள் என்று நம்பி, பல வருஷம் அவளுக்கு ஓடி ஓடி எடுபிடி வேலை செய்தேன். பிறகு ஆறாம் படிவத்தில் பாடம் வந்தது. உப்பில் சோடியம் இருக்கிறது. அதன் அணுவிலுள்ள எலக்ட்ரான் தீயின் சூட்டை வாங்கிக்கொண்டு மேல் படிக்கு ஏறும். அங்கே நிலைக்கமுடியாமல் உடனே இறங்கும். இறங்கும்போது வாங்கியதை மஞ்சள் வெளிச்சமாகக் கொட்டிவிடும். படிகளின் இடைவெளி மாறாது, அதனால் நிறமும் மாறாது. உப்பு எங்கிருந்து வந்தது என்று அதற்குக் கவலையில்லை. ஜெருக் உப்பை நினைத்து வலை விரித்த மாமாவுக்கு, கண்ணீரிலும் அதே உப்புதான் என்பது தோன்றவில்லை.

அன்று காலைதான் அடுத்த வீட்டு இளம் வாத்தியார், இனி ஊரோடு போய்விடலாம் என்று முடிவெடுத்த பெற்றோருடன், இந்தியாவுக்குக் கப்பலேறக் கிளம்பியிருந்தார். வழியனுப்ப எல்லோரும் வாசலுக்குப் போனோம். அத்தை மட்டும் வரவில்லை. ஏன் அழுதாள் என்று சொல்வதைவிட, திருடி என்று பெயர் எடுப்பது அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

எனக்கு என்ன தெரியும்? அடி தப்பிய குஷியில், அன்று அவள் தொடாமல் வைத்திருந்த பலகாரத்தையும் கேட்டு வாங்கித் தின்றேன்.