சூடம் மணக்கும் பொம்மை

போன வாரம் பத்திரிகையில் இந்த இடம் காலியாக இருந்தது. எனக்குக் காய்ச்சல் என்று சிலர் நினைத்திருப்பீர்கள். காய்ச்சல் இல்லை. வலது உள்ளங்கை வெந்துபோய்விட்டது. இப்போதும் துணிக்கட்டுக்கு வெளியே இரண்டு விரலை நீட்டிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

கை எப்படி வெந்தது? ஒரு பொம்மையால். இல்லை... உண்மையையே சொல்லிவிடுகிறேன். பொறாமையால்.

என் அண்ணன் கொழும்பில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறான். நான் திருநெல்வேலியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியார். அப்பா விட்டுப்போன வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டோம். மேற்குப் பாதியில் நானும் என் மனைவியும் ஐந்து வயது மகள் கோமுவும். கிழக்குப் பாதியில் அண்ணன் மனைவியும், நாலு வயது வள்ளியும். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் தவங்கிடந்து மதினி பெற்ற பிள்ளை.

முற்றத்தில் மட்டும் சுவர் நெஞ்சுயரம்தான். அந்தப் பக்கம் நெய் உருக்கினால் இந்தப் பக்கம் மணக்கும். இந்தப் பக்கம் மணக்க ஒன்றும் இராது. இதைத் தினமும் மோந்துகொண்டு ஒரு மனிதன் எவ்வளவு நாள்தான் நல்லவனாக இருப்பான்?

ஒரு மாதம் முன்பு தூத்துக்குடிக் கப்பலில் அண்ணன் அனுப்பிய பெட்டி வந்தது. அதில் வள்ளிக்கு ஒரு சீமைப் பொம்மை. ஒரு முழ உயரம். ரோஸ் கன்னம், நீலக் கண். கையையும் காலையும் திருகலாம். மேலெல்லாம் வழவழவென்று இருக்கும். தூக்கினால் கனமே தெரியாது. தண்ணீரில் போட்டால் மிதந்தது. தெருப் பிள்ளைகள் முழுக்க அந்த வாசலில். எங்கள் கோமுவும் அங்கேதான்.

"அப்பா, நம்ம மரப்பாச்சி மிதக்குமா?" என்று வந்து கேட்டாள்.

மிதக்காமல் என்ன? மரம்தானே? முற்றத்து அண்டாவில் பெருமையாகப் போட்டேன். செம்மரம் — நேரே அடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. நிமிர்ந்து பார்த்தால் சுவருக்கு மேலே மதினியின் தலை.

"என்ன தம்பி, பொம்மையக் குளிப்பாட்டுதீங்களா?"

அன்றிலிருந்து அந்தச் சீமைப் பொம்மையில் குற்றம் தேடுவதே என் வேலையாயிற்று. ஒருநாள் சுவரருகே போய், "மதினி, பிள்ளை அத வாயில வைக்குது. சாயத்துல என்ன விஷம் இருக்கோ" என்றேன். இன்னொரு நாள், "உள்ள ஒண்ணுமில்ல, வெறும் கூடு. உடைஞ்சா கத்தி மாதிரிக் கீறிப்புடும்" என்றேன். அதுவும் எடுபடவில்லை. அந்த நீலக் கண்ணைப் பார்த்தால் பிள்ளை தூக்கத்தில் பயப்படும் என்று ஒரு நாள் சொன்னேன்.

மதினி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கடைசியில் கோமுவைப் பார்த்துவிட்டு, "கோமுவுக்கும் ஒண்ணு வேணும்னா சொல்லுங்க தம்பி. கொழும்புக்கு அவியளுக்கு எழுதிப் போடுதேன்" என்றாள்.

வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வந்ததா? "எங்க கோமுவுக்கு மரப்பாச்சிதான் பிடிக்கும்" என்றேன்.

பின்னால் நின்ற கோமு கையை நீட்டி, "எனக்கு அதான் பிடிக்கும்" என்று சீமைப் பொம்மையைக் காட்டினாள். பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்காதது நம் தப்பு.

இந்த நிலைமையில்தான் பள்ளிக்கூடத்தைச் சோதிக்க இன்ஸ்பெக்டர் வந்தார். கணக்கெழுதும் எங்கள் ரைட்டர் அன்று சட்டைக் கழுத்தில் பளபளவென்று தனியாக ஒரு வெள்ளைக் காலர் மாட்டி வந்திருந்தார். துவைக்க வேண்டாமாம், ஈரத்துணியால் துடைத்தால் புதுசாகிவிடுமாம். இன்ஸ்பெக்டர் போனதும் வேப்பமரத்தடிக்கு வந்து சுருட்டுப் பற்றவைத்தார். ஒரு பொறி காலரில் விழுந்தது. அவ்வளவுதான். புஸ்ஸென்று கழுத்தைச் சுற்றித் தீ. பக்கத்தில் நின்ற நான் பொத்தானோடு பிய்த்து எறிந்தேன். தாடி பாதி போயிற்று, கழுத்து தப்பியது.

சயன்ஸ் மாஸ்டர் கரியாத ஒரு துண்டைப் பொறுக்கி, தேய்த்து, என் மூக்கருகே நீட்டினார். சூட வாசனை.

"செல்லுலாயிட் வே இது. பருத்திப் பஞ்செடுத்துத் திராவகத்துல ஊறப்போட்டு, சூடத்தையும் சேத்துச் செய்யுதான். சீப்பு, காலர், பொம்மை எல்லாம் இப்ப இதுலதான் வருது. நெருப்பக் காட்டினா நிக்காது."

பொம்மை என்று அவர் சொன்னதும் எனக்கு என்ன வந்தது? பயம் என்று நினைப்பீர்கள். சந்தோஷம். கையில் நிஜமான குற்றம் ஒன்று கிடைத்துவிட்டதே என்ற சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை முகத்தில் ஒட்டவைத்துக்கொண்டே வீட்டுக்கு ஓடினேன்.

"மதினி, அந்தப் பொம்மையப் பிள்ளை கையிலருந்து வாங்கி வையுங்க. சூடம் கலந்து செஞ்சது. நெருப்புப் பட்டா குபீர்னு எரிஞ்சிரும். வேணும்னா தேச்சு மோந்து பாருங்க."

மதினி பொம்மையின் முதுகை முந்தானையால் தேய்த்து மோந்தாள்.

"ஆமா, சூடம் மணக்கு. கோயில் வாசம்லா அடிக்கு. இதுல என்ன குத்தம்?" என்றாள். பிறகு என் முகத்தையே பார்த்தாள். "அன்னைக்குச் சாயம்னீங்க. அப்புறம் கீறும்னீங்க. பொறவு கண்ணு சரியில்லன்னீங்க. இன்னைக்கு நெருப்பா? எரியது பொம்மை இல்ல தம்பி. உங்க வயிறு."

என் மனைவி வந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். "போதும், உள்ள வாங்க. தெருவே பாக்கு."

எப்படியும் போங்க என்று வந்துவிட்டேன். இரண்டாம் தடவை சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, வள்ளி சோறு வேண்டாமென்று தள்ளிவிட்டாள். உடம்பு லேசாகச் சுட்டது. நாலு வயசுப் பிள்ளைக்கு இதெல்லாம் சகஜம். மதினிக்குச் சகஜமாகப் படவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பிள்ளையை முற்றத்தில் கிழக்குப் பார்த்து உட்காரவைத்தாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் கால் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் குரல் கேட்டது.

"தெருக் கண்ணு, ஊருக் கண்ணு, பாத்த கண்ணு, பக்கத்துக் கண்ணு..."

கண்ணேறு கழிக்கிறாள். பக்கத்துக் கண்ணு என்றால் யார்? நான்தான். எனக்குச் சுருக்கென்று ஏறியது. செம்பைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். அடுத்தாற்போல என் பேரையே சொல்லுவாளா? சொல்லட்டும், வைத்துக்கொள்கிறேன் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். மிளகாயும் உப்பும் சுற்றி ஆயிற்று. அப்புறம் சூட வாசனை வந்தது.

சூடம்.

எட்டிப் பார்த்தேன். மதினி கையில் வெற்றிலை. வெற்றிலை மேல் சூடம் எரிகிறது. பிள்ளைக்கு மட்டும் கழித்தால் போதாது என்று நினைத்தாளோ என்னவோ, வள்ளி மடியில் பொம்மையையும் வைத்திருந்தாள். அதன் மேலும்தானே என் கண் விழுந்தது? ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்று வந்துகொண்டிருந்தது. வெற்றிலை சரிந்தது. எரிகிற கட்டி பொம்மையின் தலையில் விழுந்தது.

சுவரை எப்படித் தாண்டினேன் என்று தெரியாது. இருபது வருஷம் பிள்ளைகளுக்கு டிரில் சொல்லிக்கொடுத்ததில் ஒரே பிரயோஜனம் அன்றைக்குத்தான். பொம்மையின் தலை முழுக்கத் தீ. வள்ளி பயத்தில் அதை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். பிடுங்கினேன். உள்ளங்கையில் அது பாகு மாதிரி ஒட்டியது. உதறி எறிந்தேன். முற்றத்துக் கல்லில் விழுந்து, நான் திரும்பிப் பார்ப்பதற்குள் கருகி ஒன்றுமில்லாமல் போனது. பிள்ளையின் பாவாடைக் கரை கருகியிருந்தது. நெற்றி முடி கொஞ்சம் பொசுங்கியிருந்தது. வேறொன்றுமில்லை.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் எழுதுகிறேன். கை வலி ஏறுவதற்கு முன்னால், ஒரு கணம், 'ஒழிந்தது' என்று தோன்றியது.

மதினி பிள்ளையைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து போய்ச் சுண்ணாம்புத் தெளிவையும் தேங்காயெண்ணெயையும் அடித்துக்கொண்டு வந்து, என் கையைப் பிடித்துத் தடவினாள்.

"ரெண்டாந் தடவ சொல்லியிருக்கலாம்லா தம்பி."

"சொன்னா கேட்டிருப்பீங்களா?"

"கேட்டிருக்க மாட்டேன்," என்றாள் மதினி. "ஆனாலும் சொல்லியிருக்கணும்."

சொல்லாதது மட்டுமா? சுவரோரம் செம்பும் கையுமாக என் பேர் வருமா என்று காத்து நின்றேனே, அந்த நேரம் யாருடையது? பிள்ளையுடையது.

தெருவில் வேறு கதை ஓடுகிறது. கொழுந்தன் கண்ணேறு பொம்மையோடு போயிற்று, பிள்ளை தப்பித்தது என்கிறார்கள். தீ வைத்தவனும் நானே, அணைத்தவனும் நானே. ஓடட்டும்.

உங்கள் வீட்டிலும் இந்த மாதிரிப் பொம்மை இருக்கும். முதுகைத் தேய்த்து மோந்து பாருங்கள். சூடம் மணந்தால் விளக்கு, அடுப்பு, தூபக்கால் எதன் பக்கத்திலும் பிள்ளை அதைக் கொண்டுபோக விடாதீர்கள். பொறாமைக்காரன் வந்து சொன்னாலும் கேளுங்கள். அவன் எதற்காகச் சொல்லுகிறான் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பொறாமைக்காரர்களே — நம் கூட்டத்துக்கும் ஒரு வார்த்தை. ஒரு தடவை சொல்லிவிட்டு முறுக்கிக்கொண்டு வராதீர்கள்.

அண்ணனுக்கு நானே கடிதம் எழுதினேன். நேற்றுப் பதில் வந்தது. அடுத்த கப்பலில் இரண்டு பொம்மை அனுப்புகிறானாம், இந்தத் தடவை பீங்கான் தலை. வள்ளிக்கு ஒன்று, கோமுவுக்கு ஒன்று.

வள்ளியுடையதுதான் இரண்டங்குலம் உயரமாம்.