அக்கா வாங்கிய சாம்பல் நிறக் கோட்டு

என் அக்காவுக்கு இருப்புக் கொள்ளாது. உட்கார்ந்தால் எழுவாள், எழுந்தால் நடப்பாள். கணக்கு டீச்சராகச் சேர்ந்த பிறகு அந்த வியாதி முற்றிவிட்டது. எங்கள் இருவருக்கும் இருப்பது ஒரே அறை. அவள் நடக்க வேண்டுமென்றால் நான் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏழு வருடம் பார்சல் கம்பெனியில் வேலை பார்த்தாள். கம்பெனி கொடுத்த மஞ்சள் பனியன்தான் ஏழு வருடமும் அவள் உடை. அங்கே இருந்தபடியே படித்து, முப்பத்துநாலு வயதில் பள்ளியில் வேலை வாங்கினாள். ஆறு மாதம் தற்காலிகம். தலைமையாசிரியை வகுப்பில் உட்கார்ந்து பார்த்து, சரி என்று எழுதினால்தான் நிரந்தரம். முதல் முறை பார்த்தவர், “பாடம் நன்று. உடை சரியில்லை” என்று எழுதிவிட்டார். மூன்று வாரத்தில் மறுபடி வருவார். அப்போதும் சரியில்லை என்றால் திரும்பவும் மஞ்சள் பனியன்தான்.

“ஆள் பாதி ஆடை பாதின்னு சும்மாவா சொன்னாங்க” என்றேன்.

“பாதி ஆளுக்கு யாரும் சம்பளம் குடுக்க மாட்டாங்கடி. கிளம்பு.”

எங்கள் தெருமுனையிலேயே ஒரு பழைய துணிக்கடை உண்டு. அங்கே போக மாட்டாளாம். பிள்ளைகளின் அம்மாக்கள் கண்ணில் பட்டால் மானம் போய்விடுமாம். இரண்டு பஸ் மாறி ஊரின் மறுகோடிக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். வழியெல்லாம் எனக்கு எரிச்சல்.

அங்கிருந்த பழைய துணிக்கடையில் எல்லோரும் கண்ணாடியில் முன்பக்கம் பார்த்தார்கள். இவள் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி, காற்றில் எழுதினாள்.

“பிள்ளைங்க பாதி நேரம் என் முதுகைத்தான் பாக்குதுங்க. சட்டை மேல ஏறுதான்னு பாரு.”

ஏறியதெல்லாம் கழிந்தது. கறுப்பைத் தொடவே இல்லை. சாக்பீஸ் தூள் காட்டிக்கொடுத்துவிடும். வெளிர் நிறச் சட்டை மூன்று, பேன்ட் இரண்டு, கடைசியில் ஒரு சாம்பல் நிறக் கோட்டு. தைத்து வைத்த மாதிரி பொருந்தியது. பட்டன்களில் மூன்று பழுப்பு, கீழே இருந்தது மட்டும் கறுப்பு.

“கடைசிப் பட்டனை யாரு பாக்கப்போறா” என்றாள்.

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பார்கள். அவள் கசக்கிய கசக்கலில் அந்தத் துணிகள் தாங்கியதே பெரிய விஷயம்.

அந்த நாளும் வந்தது. நடந்ததை அன்று மாலை அறையைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்தபடியே சொன்னாள். தலைமையாசிரியை கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் கண் கரும்பலகையில் இல்லை, கறுப்புப் பட்டனில் இருந்தது. அக்கா ஒரு கையால் பட்டனை மூடிக்கொண்டே பாடம் நடத்தினாள். ஏழெட்டு ஐம்பத்துநாலு என்று அவள் எழுத, பிள்ளைகள் திருத்தினார்கள்.

மணி அடித்து, பிள்ளைகள் போனதும் அவர் பக்கத்தில் வந்தார்.

“கோட்டு எங்க வாங்கினீங்க?”

பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். உண்மைதான் வந்தது.

“அவ்வளவு தூரமா?”

“தெரிஞ்சவங்க யாரும் பாக்க மாட்டாங்கன்னு, மேடம்.”

அவர் அந்தக் கறுப்புப் பட்டனைத் தொட்டுப் பார்த்தார். “நானும் அதுக்குத்தான் அங்க போவேன். இந்தக் கோட்டை அங்க வாங்கித்தான் எட்டு வருஷம் போட்டேன். கறுப்பு பட்டன் நான் தைச்சது. நீங்க சேர்றதுக்கு முன்னாடிதான் அந்தக் கடையிலயே திருப்பிக் குடுத்தேன்.”

அறிக்கையில், “பாடம் நன்று. ஒரு பெருக்கல் தவறு. உடை சரி” என்று இருந்தது. அக்காவுக்கு வேலை நிரந்தரமானது. எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் தானும் பழையது வாங்கிப் போட்டுக்கொண்டு, எந்த வாயால் சரியில்லை என்று எழுதினார் என்ற கோபம் அடங்கவில்லை.

சனிக்கிழமை மூன்று பேராகக் கடைக்குப் போனோம். அவருக்கும் ஒரு கோட்டு வேண்டுமாம். தனியாக வந்தால் முதுகு தெரிவதில்லையாம். ஒரு நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கிக் காற்றில் எழுதினார். அவர் முதுகுக்குப் பின்னால் அக்கா கையைக் கட்டிக்கொண்டு ஆடாமல் நின்றாள். கோட்டு நாலு விரல் ஏறியது.

“உடை சரியில்லை, மேடம்” என்றாள்.

அவர் உடனே அதைக் கழற்றினார்.