ஏணியக்காவின் காது

அவளை எல்லோரும் ஏணியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மாடிச் சுவர், கை எட்டாத மூலை, உயரமான மேற்கூரை என்று எங்கே பெயிண்ட் அடிக்க வேண்டியிருந்தாலும் முதலில் அவள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். பத்தொன்பது வயதில் ஏணி ஏறத் தொடங்கியவள், ஐம்பத்திரண்டிலும் ஒரு கையில் வாளியோடு விறுவிறுவென்று ஏறுவாள். "தரையில நடக்கத்தான் எனக்குப் பயம். எவன் எங்கேர்ந்து வண்டியை விடுவான்னே தெரியாது" என்பாள்.

அவளோடு வேலைக்கு வருவது நாத்தனார். கலவை போடுவதிலும் கீழ்ச்சுவரை மழமழவென்று தேய்ப்பதிலும் கெட்டிக்காரி. ஆனால் ஏணியில் இரண்டாவது படிக்கு மேல் கால் வைத்ததே கிடையாது.

அந்த வருடம் நூலகத்தின் வாசிப்புக் கூடம் அவர்கள் கைக்கு வந்தது. மூன்றாம் நாள் விடியற்காலையில் ஏணியக்கா படுக்கையில் வலது பக்கம் புரண்டாள். அவ்வளவுதான், அறை தட்டாமாலை சுற்றியது. மின்விசிறி சும்மா இருக்க, சுவர்கள் அதைச் சுற்றி ஓடின. கட்டிலின் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் நின்றது. அடுப்பில் டீ வைத்துக்கொண்டிருந்த கணவரிடம் அவள் மூச்சு விடவில்லை. தூக்கம் பத்தாததுதான் காரணம் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

பத்து மணி இருக்கும். ஏணியின் உச்சியில் நின்று, ரோலரை நீட்டி அண்ணாந்தாள். கூரை சுழன்றது. ரோலர் கீழே விழுந்து தரையெல்லாம் வெள்ளை தெறித்தது. ஏணியக்கா ஏணியைக் கட்டிக்கொண்டு, "என்னைப் பிடி" என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

நாத்தனாருக்குக் கேட்டது. யாரையாவது கூப்பிட வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. ஒன்பது படி ஏறிப் போய், பின்னாலிருந்து அண்ணியை அணைத்தபடி இரு பக்கச் சட்டத்தையும் பிடித்தாள்.

"அண்ணி, கண்ணை மூடிக்கோங்க. வலது காலைக் கீழே விடுங்க. நான் இருக்கேன். அப்படித்தான். இன்னொரு படி."

தரைக்கு வந்த பிறகுதான் நாத்தனார் ஏணியை அண்ணாந்து பார்த்தாள். தொப்பென்று உட்கார்ந்தாள்.

"அண்ணி, நானா மேல வந்தேன்?"

"பின்ன, உன் ஆவியா வந்துச்சு?"

ஒருத்தி முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருக்க, இன்னொருத்தி சிந்திய பெயிண்டிலேயே உட்கார்ந்திருக்க, இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நூலகர் ஓடி வந்து, சத்தம் போடக்கூடாது என்று சொல்வதா தண்ணீர் கொடுப்பதா என்று தெரியாமல் முழித்தார்.

கணவருக்குச் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை. அங்கே செய்தி பரவியதும் வருகிறவர்கள் எல்லாம் வைத்தியராகிவிட்டார்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் பிரஷர்தான் என்றார். சர்க்கரைக்காரர் சர்க்கரை என்று சத்தியம் செய்தார். கழுத்தில் பட்டை போட்டிருந்த தையல்காரர், கழுத்தெலும்பு தேய்ந்திருக்கும் என்று அடித்துச் சொன்னார். ஆளாளுக்குத் தங்கள் நோயில் ஒரு பங்கை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பரிசோதனையில் பிரஷரும் சரி, சர்க்கரையும் சரி, ரத்தமும் சரி.

எல்லாம் சரியென்றதும்தான், அப்படியென்றால் இது என்ன என்ற பயம் ஏணியக்காவைப் பிடித்துக்கொண்டது. இரண்டு தலையணை வைத்து, அசையாமல் தூங்கினாள். குனிய வேண்டிய வேலைகளைக் கணவர் செய்தார். இனிமேல் ஏணி அவ்வளவுதானோ என்று நினைத்தாள்.

பரிசோதனை செய்த டாக்டர் அவளைக் காது டாக்டரிடம் அனுப்பினார். கணவரும் கூடப் போனார்.

"எனக்குக் காது நல்லாத்தானே கேக்குது?" என்றாள் அந்தப் பெண் டாக்டரிடம்.

"காது கேக்குறதுக்கு மட்டும் இல்லம்மா. நாம விழாம நிக்கிறதையும் அதுதான் பார்த்துக்குது. உள்ளே வளையல் துண்டு மாதிரி மூணு குழாய் இருக்கு, அதுல தண்ணி மாதிரி ஒரு திரவம். பக்கத்துல ஒரு பையில மணலைவிடப் பொடியா சுண்ணாம்புத் துகள் இருக்கும். அது கழண்டு குழாய்க்குள்ள போயிட்டா, தலையைத் திருப்பும்போது திரவத்தைக் கலக்கிடும். நீங்க சுத்துறதா மூளை நம்பிடும்."

"சுண்ணாம்பா! ஆயுசு பூரா சுவத்துல அடிச்சேன்னு காதுக்குள்ளயே குடி வந்துடுச்சா?"

டாக்டர் சிரித்துவிட்டார். "வேலையால வந்ததில்லம்மா. எல்லார் காதுலயும் இருக்கறதுதான்."

"சைக்கிள் அச்சுல இருக்கிற பால்ரஸ் குண்டு கிண்ணத்தை விட்டு வெளியே உருண்ட மாதிரி" என்றார் கணவர்.

"அதேதான் சார். திரும்ப உருட்டி விட்டுடலாம்."

அவளை உட்காரவைத்து, தலையை வலது பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்தார். தலை கட்டில் விளிம்புக்கு வெளியே சற்றே தொங்கியது. உலகம் சுழல, கருவிழிகள் துடித்தன. அவள் கணவரின் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் அவர்தான் கத்தினார். சுழற்சி அடங்கியதும் டாக்டர் தலையை இடது பக்கம் திருப்பினார். அப்புறம் உடம்போடு ஒருக்களிக்கவைத்து, மூக்கு தரையைப் பார்க்கும்படி வைத்திருந்தார். கடைசியில் மெல்ல எழுப்பி உட்காரவைத்தார்.

"இப்ப மறுபடி வலது பக்கம் படுங்க பார்க்கலாம்."

பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தாள். கூரை கூரையாக நின்றது.

"சுத்தலை! ஏங்க, சுத்தவே இல்லைங்க!" என்றவள் கண்ணில் தண்ணீர். "டாக்டர், இன்னொரு தடவை படுத்துப் பார்க்கட்டுமா? ஆசையா இருக்கு."

ஒரு வாரம் ஏணி கூடாது என்றார் டாக்டர். நூலகத்து மேற்கூரையில் பாதியை அந்த வாரம் நாத்தனார் அடித்தாள். நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரம் பண்ணிய ஏணியக்காவிடம், "அண்ணி, இங்க காத்து என்னமா வருது! இத்தனை வருஷம் இதை நீங்க மட்டும் அனுபவிச்சிருக்கீங்களே" என்று மேலிருந்தே சண்டை போட்டாள். டாக்டர் மறுபடி பார்த்துச் சரியென்றதும், பக்கத்து வீட்டில் இன்னொரு ஏணி கேட்டு வாங்கினார்கள். எஞ்சிய பாதிக் கூரையை இருவரும் எதிரெதிரே நின்று முடித்தார்கள்.

அடுத்த வருடம் ஒருநாள் காலை அவளுக்குத் தலை மறுபடி சுற்றியது. திரும்ப வரலாம் என்று டாக்டர் முன்பே சொல்லி, ஒவ்வொரு பக்கமும் முப்பது எண்ணும்வரை தலையை நிறுத்தி வீட்டில் செய்யும் முறையையும் கற்றுக்கொடுத்திருந்தார். கணவர் கையிலிருந்த கிரீஸைக் கழுவிவிட்டு வந்து தலையைப் பிடித்தார்.

"மெதுவா! இது மண்டைங்க, சக்கரம் இல்ல."

"பேசாம இரு. எண்ணிட்டிருக்கேன்."

எண்ணிக்கை தப்பி, முதலிலிருந்து எண்ணினார். சுற்றல் நின்றுவிட்டது. அந்தப் பெருமையை அவர் கடையில் சொல்லப் போக, சாயங்காலம் மூன்று பேர் தங்களுக்கும் தலை சுற்றுகிறது என்று தலையை நீட்டிக்கொண்டு வீட்டு வாசலில் நின்றார்கள். ஒருத்தருக்குப் புதுக் கண்ணாடி போட்டு இரண்டே நாள் ஆகியிருந்தது. ஏணியக்கா மூவருக்கும் டீ கொடுத்து, டாக்டரின் விலாசத்தையும் எழுதிக் கொடுத்து அனுப்பிவைத்தாள்.