நாலு நாள் மூடிய வாய்

என் மனைவி வாயில் ரகசியம் தங்காது. பிறந்தநாளுக்கு எனக்குச் சட்டை வாங்கினால், கடையிலிருந்தே ஃபோன் செய்து நிறத்தைச் சொல்லிவிடுவாள். இவளைப் போய்ப் பள்ளியில் மனநல ஆலோசகராக வைத்திருக்கிறார்களே என்று கிண்டலடிப்பேன். "வீட்டு விஷயம் வேற, ரூம் விஷயம் வேற" என்பாள். உண்மைதான். பிள்ளைகள் அந்த அறையில் சொன்ன எதுவும் எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை வாயடைத்துப் போய் வந்தாள். சாப்பாட்டில் இரண்டு தடவை உப்பு விழுந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது. அவளுக்குப் பிடித்த கோப்பையை உடைத்து ஒளித்து வைத்ததை, யாரும் கேட்காமலேயே ஒப்புக்கொண்டேன். "சரி" என்றாள். அவ்வளவுதான். விஷயம் பெரிசு என்று புரிந்தது.

என்ன நடந்ததென்று, சம்பந்தப்பட்ட பிள்ளையின் சம்மதத்தோடு பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அறைக்கு வந்து அழுதிருக்கிறாள். பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் அவள் தட்டோடு உட்கார்ந்ததும் மொத்த மேசையும் எழுந்து போய்விடுமாம். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி எல்லோரையும் எழுப்புவது, அதே பள்ளியில் படிக்கும் எங்கள் மகள். யாரிடமும் சொல்லக் கூடாதென்று வாக்கு வாங்கிக்கொண்டு அந்தப் பெண் போய்விட்டாள்.

மகளைப் பிடித்து ஏசினால், நம்பி வந்த பிள்ளை இனி யாரிடமும் வாய் திறக்காது. சும்மா இருந்தால் பெற்ற மகளுக்குப் பரிந்ததாகிவிடும். என் மனைவி என்ன செய்தாள் தெரியுமா? தினமும் சாப்பாட்டுக் கூடத்தில் தானும் ஒரு தட்டோடு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாள். எண்ணுவது நின்றது. ஆனால் எத்தனை நாள் காவல் காப்பது?

வெள்ளிக்கிழமை அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுப் போட்டு உடைத்துவிட்டாள்.

"அவ என் பொண்ணும்மா. என்கிட்ட பேச உனக்குச் சங்கடமா இருந்தா வேற மிஸ்கிட்ட போகலாம்."

"தெரியும் மிஸ். நீங்க வீட்டுல சொல்லியிருந்தா அவ மறுநாளே சண்டைக்கு வந்திருப்பா. வரல. இப்ப அவகிட்ட நீங்களே சொல்லுங்க."

அன்று மாலை வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மகள் முதலில், "சும்மா விளையாட்டுக்கும்மா" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. பிறகு, எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டாள்.

"திங்கக்கிழமையிலேர்ந்து."

"தெரிஞ்சுமா தினம் எனக்குத் தலை வாரி விட்டே?" என்று கேட்டவள் ஓவென்று அழுதுவிட்டாள்.

அடுத்த திங்களன்று மகள் தட்டை எடுத்துக்கொண்டு தானாகவே அந்தப் பெண்ணின் எதிரில் போய் உட்கார்ந்தாளாம். அந்தப் பெண் எழுந்து போகவில்லை.