எழுபத்தெட்டிலேயே நின்ற மீட்டர்

சூடு சரியாக இருக்கும் நாளில் சூட்டை அளக்கிறவனை யாரும் கூப்பிடுவதில்லை. என்னைப்போல் மீட்டர் விற்கவும் சரிபார்க்கவும் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு ஆலை ஆலையாக அலைகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டாம், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உறங்கியது யார்?

திருவனந்தபுரத்துக்கு வெளியே ஒரு மூலிகைச் சாறு ஆலை. பயன்படுத்திய ஆல்கஹாலைக் காய்ச்சி வடித்துத் திரும்ப எடுக்க உயரமான டவர் ஒன்று. அதன் உச்சியில் சென்சார். எழுபத்தெட்டு டிகிரி காட்டினால் நல்ல ஆல்கஹால் வருகிறது என்று நம்பிக்கை. மீட்டர் எழுபத்தெட்டை விட்டு அசையவே இல்லை. வந்த ஆல்கஹாலில் தண்ணீர். ஒவ்வொரு முறையும் ஷிஃப்டில் இருந்தவர் மார்த்தாண்டத்துக்காரர் முருகேசன். அவரை வேலையை விட்டு நிறுத்துவதற்கு முன், மீட்டர் சரிதான் என்று என் கையெழுத்து வேண்டுமாம். நான் வலியசாலை அக்ரஹாரத்துக்காரன்; மேனேஜர் ஹரிக்கு அந்தத் தெருக்காரன் எவனும் சாமிதான்.

"மீட்டர் ஒறங்கல்லை சாமி, ஒறங்கினது ஆளாக்கும்."

கெட்டுப்போகாத கருவி

சென்சாரைக் கழற்றி, என் தெர்மாமீட்டரோடு சேர்த்துச் சூடுபடுத்திப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. கெட்டிருக்கக் கூடாதா என்று நினைத்தேன். இந்தத் தொழிலில் இருப்பவன் நினைக்கக் கூடாதது அது.

உச்சியில் கொஞ்சம் தண்ணீர் கலந்தால் சூடு ஒரு டிகிரிகூட மாறாது. டவருக்குள் அடுக்கியிருக்கும் தட்டுகளில் நடுத்தட்டுக்குப் போனால், அதே தண்ணீர் மேலே ஏறத் தொடங்கும்போதே சூடு பல டிகிரி கூடிவிடும். மீட்டர் பொய் சொல்லவில்லை; பொருத்திய இடம்தான் தப்பு. ஆனால் இடத்தைப் பற்றி என்னிடம் யாரும் கேட்கவில்லையே. கேட்டதற்கு மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிழக்கேகோட்டை பஸ்ஸைப் பிடித்தால் நான் செய்தது குற்றமா? பின்னால் நின்ற முருகேசன் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"மீட்டரு செரின்னு சாரு எழுதிட்டா, நான் தெற்றுன்னு ஆயிரும்லா?"

துள்ளுகிற எண்

கையெழுத்தைத் தள்ளிப்போட்டேன். டவர் நின்றிருந்த ஒரு நாளில், நடுத்தட்டருகே அடைத்துக் கிடந்த துவாரத்தைத் திறந்து இன்னொரு சென்சாரைப் பொருத்தினேன். அதன் மீட்டர் எண்பத்திரண்டு, எண்பத்தாறு, எண்பத்துமூன்று என்று ஓரிடத்தில் நிற்கவில்லை. அதைப் பார்த்துப் பார்த்து முருகேசன் டவரைச் சூடாக்கும் நீராவியின் வால்வைக் கூட்டினார், குறைத்தார். ஆல்கஹாலில் தண்ணீர் வருவது நின்றது. அவரை நிறுத்தும் பேச்சும் நின்றது.

மேனேஜருக்குத்தான் நிம்மதி போயிற்று. இது எந்தா இப்படித் துள்ளுது என்று தினமும் போன். கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்து, சென்சார் உச்சியிலேயே இருக்க, பழைய மீட்டரை மட்டும் கழற்றித் தன் மேசைக்கு எதிரே மாட்டச் சொன்னார்.

"துள்ளுறது முருகேசனுக்கு இருக்கட்டே சாமி, எனக்குத் துள்ளாதது மதி, அது என் ரூமில் இருக்கட்டே."

நான் விற்பது சூட்டைக் காட்டும் கருவியா, நிம்மதியா என்று இந்த ஐம்பத்தாறு வயதில் யாராவது கேட்டால், உங்களுக்கு எந்த மாடல் வேண்டும் என்றுதான் திருப்பிக் கேட்க வரும்.